ஒரே நோயாளி, மூன்று பதிவேடு: எல்லையோரத்தில் சர்க்கரை, பிரஷர் கணக்கை எதை வைத்து எடுப்பது?

அந்தப் பெரியவர் மஞ்சப்பையைத் திண்ணையில் கவிழ்த்தார். கேரளப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குடும்ப ஆரோக்கிய மையத்துச் சீட்டு ஒன்று, அதோடு சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், ரப்பர் பேண்டு போட்டு அட்டை இரண்டு. எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரி நோட்டு, அதற்குள் அதே மருந்தில் இன்னோர் அட்டை. கோயமுத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்த தனியார் டாக்டரின் ஃபைல்; அவர் எழுதியிருந்தது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. கடைசியாக, மெடிக்கல் ஷாப்பில் கத்தரித்துக் கொடுத்த, பிரஷருக்கான அம்லோடிபின் மாத்திரை நான்கு. அதற்குப் பில் இல்லை.

“மூணு எடத்து மாத்திரையும் சாப்பிடறீங்களா ஐயா?”

“ஒண்ணு வெள்ளை, ஒண்ணு பெருசு, ஒண்ணு பச்சை. வேற வேறதானுங்களே அம்மிணி.”

ஒரே மருந்தை மூன்று பெயரில் விழுங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதல் வேலையாக அவரை டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரையைச் சரி செய்தோம். வீடு திரும்பும் வழியில்தான் இன்னொன்று மனதில் தைத்தது. இவர் மூன்று பதிவேட்டில் மூன்று நோயாளியாக இருக்கிறார். எந்தப் பதிவேட்டிலும் முழுசாக இல்லை. கேரளத்துக் கணக்கில் சர்க்கரை மட்டும் உண்டு. தமிழ்நாட்டுக் கணக்கிலும் சர்க்கரை மட்டும். அவருடைய பிரஷர் அந்த மெடிக்கல் ஷாப் மேசையைத் தாண்டி எங்கும் பதிவாகவில்லை.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவின் கிழக்குப் பகுதியில் இருபத்தாறு வருஷம் சப் சென்டர் நர்ஸாக இருந்தவள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று மழை மறைவில் கிடக்கும் இந்த ஊர்களில் வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். வேலைக்கும் கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் கிழக்கே பொள்ளாச்சி, கோயமுத்தூர். ரேஷனுக்கும் ஓட்டுக்கும் மேற்கே. ஓய்வு பெற்ற பிறகு, படுக்கையில் விழுந்தவர்களை வீட்டிலேயே கவனிக்கும் பாலியேட்டிவ் குழுவோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

பஞ்சாயத்தின் அடுத்த வருஷத் திட்டத்தில் நாள்பட்ட நோய்களுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம் என்று பேச்சு வந்தது. எத்தனை குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்குவது, வாரத்தில் ஒரு நாள் கிளினிக்கை இரண்டு நாளாக்க வேண்டுமா, சர்க்கரைக்காரர்களுக்கெல்லாம் கிட்னி கெடுகிறதா என்று காட்டும் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேள்வி வந்தது. எல்லாம் ஓர் எண்ணில் வந்து நின்றது: நம் பஞ்சாயத்தில் மொத்தம் எத்தனை பேருக்கு இருக்கிறது? கூட்டத்தில் ஆறு பேர் ஆறு எண் சொன்னார்கள். ஆறும் ஆறு இடத்திலிருந்து வந்தவை. யாரும் பொய் சொல்லவில்லை. கையில் நாலு மாத அவகாசமும் சின்னத் தொகையும்தான். எந்த எண்ணை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளினிக் பதிவேட்டைச் சுத்தம் செய்து அடித்தளமாக வைப்பது, சுமார் 400 பேரிடம் வீட்டுக்கே போய் எடுக்கும் சின்ன சர்வேயை அதன்மேல் திருத்தமாகப் போடுவது. மற்றதெல்லாம் துணைக்கு. இந்த முடிவுக்கு வந்த வழிதான் கீழே இருப்பது. இதே மாதிரி எல்லையில் இருக்கும் செங்கோட்டை, குமுளி, களியக்காவிளைப் பக்கத்தவர்களுக்கும், ஆந்திர எல்லையில் நகரி, குப்பம் பக்கத்தவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

அச்சில் வந்த பெரிய சர்வேக்கள்

எல்லாவற்றிலும் சுலபமானது இது. செலவே இல்லை. ஒரு சதவீதத்தை எடுத்து நம் மக்கள்தொகையால் பெருக்கினால் எண் வந்துவிடும். எங்கள் கூட்டத்தில் ஓர் இளைஞர் அப்படித்தான் செய்தார். 2023ல் வெளிவந்த, ஐசிஎம்ஆரின் ‘இந்தியாப்’ (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வில் கேரளத்தில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாடு முழுக்க 1,13,043 பேரைப் பார்த்த ஆய்வு அது. இந்தியா மொத்தத்துக்கும் 11.4 சதவீதம் என்றது. அதே ஆய்வின் முதல் கட்ட முடிவில் தமிழ்நாட்டுக்கு வந்த எண் 10.4 சதவீதம். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, “பாருங்க, ரோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தவிட ரெண்டரை மடங்கு” என்றார்.

என்னால் ஏற்க முடியவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. ஒரே அரிசி, ஒரே தேங்காய், ஒரே உடல்வாகு. எண்ணைத் திருப்பிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தமிழ்நாட்டில் அந்த ஆய்வு நடந்தது 2008 முதல் 2010 வரை. கேரளத்துக்கு அவர்கள் வந்தது வெகு வருஷம் கழித்து. அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்பது எல்லைக்கோடு மட்டும் இல்லை, ஏறக்குறைய பத்து வருஷமும் நிற்கிறது. இந்தப் பத்து வருஷத்தில் சர்க்கரை எப்படி ஏறியது என்பதை நானே என் சப் சென்டரில் கண்ணால் பார்த்தவள்.

கொஞ்சம் நெருங்கிய காலத்தில், ஒரே வயது வரம்பில் எடுத்த இரண்டு சர்வேக்களை வைத்தால் படம் மாறுகிறது. திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம் கேரளம் முழுக்க 18 முதல் 69 வயது வரை 12,012 பேரைப் பார்த்து 2019ல் வெளியிட்ட ஆய்வில் சர்க்கரை 19.2 சதவீதம், உயர் ரத்த அழுத்தம் 30.4 சதவீதம். தமிழ்நாட்டில் 2020ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறையில் எடுத்த சர்வேயில், அதே வயது வரம்பில், சர்க்கரை 17.6, உயர் ரத்த அழுத்தம் 33.9. இரண்டு மாநிலமும் தோளோடு தோள் நிற்கின்றன.

இந்த இரண்டு ஆய்விலும் என்னை உலுக்கியது வேறு எண்கள். தமிழ்நாட்டில் பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு, சர்க்கரை கட்டுக்குள் இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு. கேரளத்தில் 12.4, 15.3. நூறு பேருக்கு நோய் என்றால் ஏழிலிருந்து பதினைந்து பேருக்குத்தான் அடங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இரண்டு மாநிலங்களில் இந்த நிலை.

ஆகப் பெரிய சர்வே நமக்கு அளவுகோல் தருகிறது. நம் எண் 3 சதவீதம் என்றோ 50 சதவீதம் என்றோ வந்தால் எங்கோ பிழை என்று காட்டும். ஆனால் அது மாநிலத்தின் எண். தேசியக் குடும்பநல சர்வே மாவட்டம் வரை இறங்குகிறது; அதிலும் நேரம் பார்க்காமல் எந்த வேளையிலும் குத்தி எடுத்த சர்க்கரைதான். நோய் என்று சொல்ல வைத்திருக்கும், வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்ற அளவோடு அதை ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. பாலக்காடு மாவட்டம் என்றால் அதற்குள் அட்டப்பாடியும் இருக்கிறது, ஒற்றப்பாலமும் இருக்கிறது. எருத்தேம்பதிக்கு என்ன நிலை என்பதை அது சொல்லாது. எங்கள் வேலைக்கு இது போதாது என்று முதலில் தள்ளியது இதைத்தான்.

வீடு தேடி வரும் கணக்கு

கேரளத்தில் ஆஷாக்கள், அதாவது வார்டு வார்டாக வேலை செய்யும் பெண் சுகாதாரப் பணியாளர்கள், ‘சைலி’ ஆப்பை வைத்துக்கொண்டு 30 வயதுக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கே போய்க் கேட்கிறார்கள். 2022ல் தொடங்கிய முதல் சுற்றிலேயே மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அந்தப் பக்கம் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரையையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டையும் நான் மனதார மதிக்கிறேன். நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது தடுப்பூசியும் பிரசவமும்தான் கணக்கு. சர்க்கரை என்ற சொல்லுக்கே பதிவேட்டில் கட்டம் கிடையாது.

ஆனால் இதை நோயின் கணக்காக எடுத்துக்கொள்வதில் மூன்று சிக்கல்.

ஒன்று, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. பகல் பதினொரு மணிக்கு ஆஷா போகும்போது வீட்டில் இருப்பது பெண்களும் வயசாளிகளும். நாற்பது வயது ஆண் கோயமுத்தூர் மில்லில் இருப்பார், இல்லையென்றால் லாரியில் இருப்பார். அவர் பெயருக்கு நேரே மனைவி சொன்ன பதில்தான் ஏறும். “அவருக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காரு.” பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு எங்கள் பாலியேட்டிவ் பட்டியலுக்கு வருவதும் இந்த நாற்பது, நாற்பத்தைந்து வயது ஆண்கள்தான்.

இரண்டு, அந்தக் கணக்கில் இருப்பது ‘ஆபத்து உள்ளவர்கள்’. வயது, இடுப்பளவு, புகை, குடி, உடலுழைப்பு, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்பதையெல்லாம் கூட்டி மதிப்பெண் போடுகிறார்கள். நாலுக்கு மேல் போனால் முதலில் பரிசோதிக்க வேண்டியவர். நோய் உறுதியானவர் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்த பிரஷர் 150 என்றாலும் அப்படித்தான். அதற்கடுத்து வேறு நாளில் மீண்டும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அந்த இரண்டாவது தடவைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்காமல் முதல் எண்ணை நோயாளி எண்ணாகச் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாவதுதான் எங்கள் ஊருக்கே உரியது, சொல். மலையாளத்தில் சர்க்கரை நோய்க்கு ‘ப்ரமேஹம்’ என்பார்கள். தமிழில் மேகம், பிரமேகம் என்றால் பழைய ஆட்களுக்கு அது வேறு. வெளியே சொல்லக் கூசும் பால்வினை நோய். மேற்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண், நல்ல பிள்ளை, ஃபாரத்தில் இருந்ததை அப்படியே வாசித்து எழுபது வயதுக்காரர் ஒருவரிடம் “ப்ரமேஹம் உண்டோ?” என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. “மேகமெல்லாம் நம்ம குடும்பத்துல ஆருக்கும் கெடையாதுங்க” என்றார். ‘இல்லை’ என்று கட்டத்தில் விழுந்தது. உள்ளே ஃப்ரிட்ஜில் அவருடைய இன்சுலின் குப்பி இருந்தது. அன்றைக்கு அந்தத் தெருவில் எத்தனை ‘இல்லை’ இப்படி விழுந்தன என்று எண்ணிப் பார்த்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் எழுத்துப் போக்குவரத்து நடத்த இடம் கொடுக்கிறது. அப்படி இருக்கும்போது வீட்டு வாசலில் கேட்கும் கேள்வி தமிழில் இருப்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை.

இந்தத் தரவை நாங்கள் தள்ளவில்லை. எந்த வார்டில் எத்தனை வீடு, எத்தனை 30 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்ற கீழ் எண்ணுக்கு, ‘எத்தனை பேரில்’ என்பதற்கு, இதைவிட நல்ல இடம் இல்லை. ‘அதில் எத்தனை பேருக்கு நோய்’ என்ற மேல் எண்ணுக்கு மட்டும் இதை நம்ப முடியாது.

இன்சூரன்ஸ் பில்லும் இறப்புச் சான்றும்

இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். கேரளத்தின் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா, தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீடு இரண்டுமே படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கும் பெரிய சிகிச்சைக்கும் உரியவை. டயாலிசிஸ், ஸ்டென்ட், கால் விரல் எடுப்பது எல்லாம் அதில் சுத்தமாகப் பதிவாகும், தேதியோடு, தொகையோடு. நோய் முற்றிய கடைசி வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்க நல்ல தரவு. மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர் அதில் வரவே மாட்டார். தமிழ்நாட்டில் வருஷ வருமானம் 1,20,000க்குள் இருப்பவர்களுக்கே அந்த அட்டை; அதற்கு மேல் இருப்பவர் நோயும் அதில் இல்லை. டயாலிசிஸை ஆள் கணக்கில் எண்ணுகிறோமா, தடவைக் கணக்கில் எண்ணுகிறோமா என்பதையும் கவனிக்க வேண்டும். வாரம் மூன்று தடவை போகும் ஒருவர் வருஷத்தில் 156 வரி எழுதுவார்.

இறப்புப் பதிவைக் கேட்டவர்களும் உண்டு. 2020ல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தது 22.5 சதவீதத்துக்குத்தான். வீட்டில் இறந்தவருக்கு ‘வயோதிகம்’, ‘மாரடைப்பு’ என்று எழுதிவிடுவார்கள். இருபது வருஷம் சர்க்கரையோடு வாழ்ந்தது அதில் தெரியாது.

மெடிக்கல் ஷாப் தந்த ஒரு வழி

தனியார் ஆஸ்பத்திரிகளும் லேப்களும் நோயாளி விவரம் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் யாருடைய பெயரும் இல்லாமல் ஒரு கணக்கு எடுக்க முடியும் என்று எங்கள் குழுவில் இருந்த மருந்தாளுநர் தம்பி காட்டினார். எனக்கு இது புதுசு.

உலகச் சுகாதார நிறுவனம் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நாள் அளவு என்று ஒன்றை நிர்ணயித்து வைத்திருக்கிறது. அம்லோடிபினுக்கு 5 மில்லிகிராம். மெட்ஃபார்மினுக்கு 2 கிராம், அதாவது 500 மாத்திரை நான்கு. ஒரு கடையில் மாதத்துக்கு 5 மில்லிகிராம் அம்லோடிபின் 3,000 மாத்திரை போனால், முப்பதால் வகுத்து, நூறு பேர் ஒழுங்காகச் சாப்பிடும் அளவு போயிருக்கிறது என்று சொல்லலாம். கடைக்காரருக்கு அரை மணி நேர வேலை. யாருடைய ரகசியமும் வெளியே போகாது. எங்கள் பெரியவருடைய கத்தரித்த நான்கு மாத்திரை எட்டிப் பார்ப்பது இந்த ஒரு கணக்கில் மட்டும்தான்.

குறையும் உண்டு. எங்கள் எல்லைக் கடைகளில் வாங்குபவர்களில் பாதி அந்தப் பக்கத்து ஆட்கள். எங்கள் ஆட்களில் பலர் வாங்குவது அங்கே. நம் ஊரில் மெட்ஃபார்மினை 2 கிராம் சாப்பிடுகிறவர்கள் குறைவு, ஒரு கிராமில் நிற்பவர்களே அதிகம். அந்த உலக அளவால் வகுத்தால் ஆள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்து வரும். அதனால் அம்லோடிபினுக்கு மட்டும், அதுவும் உட்பகுதிக் கடைகளில் மட்டும், துணைக்கணக்காக எடுத்துக்கொள்ள முடிவு செய்தோம்.

கிளினிக் பதிவேடு: நல்லதும் கெட்டதும்

இதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை கொஞ்சம் அதிகம், ஏனென்றால் இருபத்தாறு வருஷத்தில் நான் நிரப்பிய பதிவேடு ஒரு பீரோ இருக்கும்.

இதன் பலம், ஒரே ஆள் மாதாமாதம் வருகிறார். ஜனவரியில் பிரஷர் 160, மார்ச்சில் 148, ஜூனில் 136 என்று ஒரு வரி நீள்கிறது. நோய் இருக்கிறது என்பதோடு, அடங்குகிறதா என்பதையும் வேறு எந்தத் தரவும் இப்படிச் சொல்லாது. எந்த மாத்திரை, எவ்வளவு, எந்த மாதம் ஸ்டாக் இல்லாமல் திருப்பி அனுப்பினோம் என்பதும் அதில் இருக்கிறது. டாக்டர் பார்த்து உறுதி செய்த நோய். ஏற்கனவே இருக்கிறது, புதுசாகச் செலவு இல்லை.

பலவீனம், வருகிறவர்தான் அதில் இருக்கிறார். காலையில் வரிசையில் நிற்க முடிகிறவர், இலவச மாத்திரை தேவைப்படுகிறவர், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர். வராதவர்களுக்கு நோய் இல்லை என்று அதற்கு அர்த்தம் ஆகிவிடாது. 2020ல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோது இது எங்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது. சின்னச் சின்ன வழிகளெல்லாம் அடைபட்டன. மாதாமாதம் கிழக்கே போய் மாத்திரை வாங்கியவர்கள் போக முடியாமல், நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத வீடுகளிலிருந்து பழைய அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மையத்துக்கு வந்து நின்றார்கள். அந்த மாதங்களில் எங்கள் ஊரில் திடீரென்று நோய் கூடிவிடவில்லை. இத்தனை வருஷம் கணக்கில் வராமல் இருந்தவர்கள் கணக்கில் வந்தார்கள். வழி திறந்ததும் திரும்பிப் போய்விட்டார்கள்.

இன்னொரு பலவீனத்துக்கு நானே பொறுப்பு. ஒரு வருஷம் மாவட்டத்துக்கு அனுப்பிய அறிக்கையில் என் பகுதியின் சர்க்கரை நோயாளி எண்ணிக்கையைப் பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணைப் பார்த்து எழுதிவிட்டேன். பிறகு வீடு வீடாகச் சரிபார்த்தபோது அதில் இறந்துபோனவர்கள் இருந்தார்கள், மகன் வீட்டோடு போய்விட்டவர்கள் இருந்தார்கள், சீட்டுத் தொலைந்து புது எண் வாங்கி இரண்டு தடவை ஏறியவர்கள் இருந்தார்கள். அந்த எண்ணை வைத்து மருந்து கேட்டிருந்தோம். ஒரு மருந்து மிஞ்சிக் காலாவதியானது, இன்னொன்று பற்றாமல் போனது. பற்றாமல் போன மாதத்தில் திரும்பிப் போனவர்களின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பெயர் பொருத்துவது என்ற வேலை

பதிவேட்டைச் சுத்தம் செய்வது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நெருக்கமாகக் காட்டுகிறேன். டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரே எண். பிறந்ததிலிருந்து இறப்பது வரை, ஆஸ்பத்திரி, மருந்துக்கடை எல்லாவற்றிலும் அதே எண். அதனால்தான் அங்கே இருபது வருஷத் தரவை ஒரே மேசையில் உட்கார்ந்து ஆராய முடிகிறது. நமக்கும் ஆளுக்கு ஒன்றாக ‘ஆபா’ என்ற 14 இலக்கச் சுகாதார அடையாள எண் வந்திருக்கிறது. சீட்டில் அதை எழுதும் பழக்கம் இன்னும் வரவில்லை. கையில் இருப்பது பெயர்தான்.

பழனிச்சாமி என்றொரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ழ’வுக்கு ‘எல்’ போடுவார்கள். கேரளத்தில் ‘இசட் எச்’. கணினியில் எழுத்து வரிசையில் அடுக்கினால் இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே பார்க்காது. அந்தப் பக்கம் அப்பாவின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் வரும். இங்கே பின்னால் வரும், சில சமயம் வீட்டுப் பெயரின் முதலெழுத்தும் சேரும். வயதைக் கேட்டால் “அம்பது அறுவது இருக்கும்” என்பார்கள்; அதனால் பதிவேட்டில் 50, 55, 60 என்றே வயது குவிந்து கிடக்கும், 53ம் 57ம் அபூர்வம். ஃபோன் எண் பேரனுடையது, அது ஆறு மாதத்தில் மாறும்.

நாங்கள் கண்டுபிடித்த வழி, மூன்று பொருந்தினால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வது: பெயரின் ஒலி, ஐந்து வயதுக்குள் வித்தியாசம், தெருவோ வீட்டு அடையாளமோ. இரண்டு மட்டும் பொருந்தினால் நேரில் போய்ப் பார்ப்பது. ‘கிணத்தோட்டத்து’, ‘மேட்டாங்காட்டு’ என்று ஊரில் சொல்லும் அடைமொழி எந்தக் கணினிப் பெயரையும்விடச் சரியாக ஆளைக் காட்டுகிறது. இந்த வேலையை அந்த வார்டின் ஆஷாவையும் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்ற பெண்கள் குழுவின் அக்காக்களையும் வைத்துத்தான் செய்ய முடியும். வெளியிலிருந்து வரும் நிபுணரால் முடியாது.

சொந்த சர்வே எவ்வளவு பெரிது?

எல்லா வீட்டையும் தட்டினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். பணமும் பற்றாது, ஆளும் பற்றாது. ஒரு வருஷம் இழுத்துக்கொண்டு போகும். ஐந்தில் ஒருவருக்கு நோய் இருக்கும் என்று வைத்து, எண்ணை 3 சதவீதம் இப்படி அப்படிக்குள் பிடிக்க வேண்டுமானால் 683 பேர் வேண்டும். 5 சதவீதம் போதும் என்றால் 246 பேர். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் எடுப்பதால் பதில்கள் ஒரே மாதிரி இருக்கும். அதற்கு ஈடாக ஒன்றரை மடங்கு ஆக்கினால் 369. நாங்கள் 400 என்று வைத்துக்கொண்டோம். ஸ்ட்ரிப் வாங்கவும் கிளினிக் நாள் கூட்டவும் இந்தத் துல்லியம் போதும். மாலை ஆறு மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த 400 பேரிடமும் முக்கியமாகக் கேட்பது ஒன்று: மாத்திரை எங்கே வாங்குகிறீர்கள், அட்டையைக் காட்ட முடியுமா? கேரள அரசு வினியோக அட்டை, தமிழ்நாட்டு அரசு அட்டை, கடை அட்டை மூன்றும் பார்த்தாலே தெரியும், அச்சிலேயே இருக்கிறது. நினைவைவிட அட்டை நம்பகமானது.

கணக்கு எப்படி ஓடும் என்பதற்கு ஒரு பேச்சுக்கு எண் போடுகிறேன். இவை எங்கள் ஊர் முடிவு அல்ல. 400 பேரில் 80 பேர் சர்க்கரைக்கு மாத்திரை காட்டுகிறார்கள் என்று வையுங்கள். அந்த 80ல் 32 பேர் பெயர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அப்படியானால் தெரிந்த நோயாளிகளில் 40 சதவீதத்தைத்தான் பதிவேடு பிடித்திருக்கிறது. சுத்தம் செய்த பதிவேட்டில் உயிரோடு, ஊரில் இருப்பவர்கள் 1,200 என்றால், முழு எண் 3,000. இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம்: 30 வயதுக்கு மேல் 15,000 பேர் இருந்தால், ஐந்தில் ஒன்று என்பதும் 3,000தான். இரண்டு வழியும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பெயர் பொருத்தம் தப்பியிருக்கிறது, அல்லது பதிவேட்டில் ஊரில் இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர் என்றால் யார் என்பதற்கும் ஒரு கோடு போட்டோம்: கடந்த 12 மாதத்தில் ஆறு மாதமாவது இங்கே தூங்கியவர். ரேஷன் கார்டு எங்கே என்று பார்க்கவில்லை.

மாத்திரை சாப்பிடாத மற்றவர்களுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரையும், சற்று உட்கார வைத்து இரண்டு தடவை பிரஷரும் பார்ப்போம். தனக்கே தெரியாமல் நோயோடு நடமாடுகிறவர்களின் அளவு அதிலிருந்துதான் கிடைக்கும். வேறு எந்தத் தரவிலும் அவர்கள் இல்லை. பலருக்குத் தண்ணீர் பற்றிய சந்தேகமும் இருக்கிறது. எங்கள் கிழக்குப் பகுதிக் கிணறுகளில் ஃபுளோரைடு இருப்பது அளந்து கண்டதே. கிட்னி கெடுவது அதனால்தானா என்று கேட்கிறார்கள். இந்த சர்வே அதற்குப் பதில் தராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். எத்தனை பேர் என்று எண்ணுவது வேறு, எதனால் என்று நிரூபிப்பது வேறு.

ரகசியம் பற்றிய கேள்வியை ஒரு அக்காதான் எழுப்பினார். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். வீட்டில் சர்க்கரை என்று வெளியே தெரிந்தால் வரன் பேச வருகிறவர்கள் தயங்குவார்கள். நியாயமான பயம். எனவே பெயர் இருக்கும் தாள் ஒன்று, விவரம் இருக்கும் தாள் வேறொன்று. இரண்டையும் சேர்க்கும் எண் நர்ஸின் பூட்டிய மேசையில் மட்டும். சம்மதத் தாள் தமிழில், வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. ‘மாட்டேன்’ என்கிறவருக்கு மாத்திரை நிற்காது என்பதும் அதே தாளில் இருக்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை செய்யும் ஒரு கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பேசினேன். என்னைவிட வயதில் சின்னவர். “அக்கா, பேரு தர முடியாது. ஆனா உங்க பக்கத்து அட்ரஸ் போட்டவங்க எங்ககிட்ட மாசத்துக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணிச் சொல்ல முடியுமான்னு எங்க டாக்டர்கிட்டக் கேக்கறேன்” என்றார். பத்து நாள் கழித்து, எண்ணிக்கை மட்டும் தரலாம் என்று அனுமதி கிடைத்ததாகக் கூப்பிட்டுச் சொன்னார். நாங்களும் அவர்கள் பக்கத்து ஆட்கள் இங்கே எத்தனை பேர் வருகிறார்கள் என்று மாதக் கடைசியில் எண்ணிக் கொடுக்கிறோம். முதல் மாதத் தாள் போன வாரம் கைமாறியது, கோபாலபுரம் பஸ் ஸ்டாப்பில்.